முட்டுமரம் எடுக்கும் நாள்

அன்பு மகன் ஃபிர்முஸுக்கு அம்மா அகிலியா எழுதுவது. அந்தக் குளிர் பிடித்த பிரிட்டானியாவில், பட்டாளத்தில், நீ சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும், நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

உன் தங்கை புருஷன் நிகெர் போய்விட்டான். அப்பா கட்டுகிற நீர்ப்பாலத்தில் முதல் வளைவுக்கு அடியில் நின்று, வளைவைத் தாங்கி நின்ற முட்டுமரங்களின் ஆப்புகளைத் தட்டி எடுத்தான், கல்லெல்லாம் அவன் மேலேயே இறங்கிவிட்டது. உறைபனி விழுகிற காலத்தில் சாந்து பிடிக்காது என்று அப்பா தலைப்பாடாக அடித்துக்கொண்டார், ஊர்த்தலைவர் கல்வெந்தியுஸ் கேட்டால்தானே. வருஷம் பிறந்தால் அவர் பதவி போய்விடும், அதற்குள் தண்ணீர் ஓடி, வளைவில் அவர் பெயர்க்கல் ஏற வேண்டும். பெயரெல்லாம் வெட்டி வைத்தாகிவிட்டது, பாலம்தான் பாக்கி. வளைவு விழுந்த இடத்தில் மரவாய்க்கால் வைத்துத் தண்ணீரை ஓட்டிவிடலாமாம். உன் தங்கை கொடுத்தால் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

பெயர்க்கல் ஏறப்போகிற இரண்டாவது வளைவும் அதே பனியில் கட்டினதுதான். வசந்தம் வரைக்கும் முட்டுமரங்கள் நிற்கட்டும் என்று அப்பா கல்வெந்தியுஸிடம் போய்க் கெஞ்சினார். திறப்பு விழாவில் அது பார்க்க அசிங்கமாக இருக்குமாம். என்னய்யா, வயசாயிடுச்சா, கை நடுங்குதா, உம்ம சின்னப் பையன் தெர்த்தியுஸ் கல்லுக்குண்டாட்டம் இருக்கானே, அவனை இறக்கும்யா என்று ஊரே கேட்கச் சொல்லியிருக்கிறார். உன் தம்பியைத்தான் உனக்குத் தெரியுமே, நான் எடுக்கிறேன் என்று அங்கேயே ஒத்துக்கொண்டு வந்துவிட்டான். நாங்கள் சொல்லி எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

இன்று காலை அப்பா அவனைக் கூப்பிட்டு, அண்ணனுக்குக் கடிதம் போகணும்டா, துறைமுகத்துல கப்பல் கிளம்புது, நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, நீ வந்தப்புறம் எடுத்துக்கலாம் என்றார். என்னிடம், சீக்கிரம் எழுதுடி, அவன் போகட்டும் என்கிறார். நாளைக்கு அந்த வளைவுக்கு அடியில் இறங்கப்போவது அப்பாதான். நான் தடுக்கவில்லை மகனே. தடுத்தால் யார் இறங்குவான் என்று எனக்குத் தெரியும். இதை முத்திரை வைத்துத்தான் கொடுக்கிறேன், தம்பி பிரித்துப் பார்த்தால் பாதி வழியில் திரும்பிவிடுவான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. நம் வீட்டுச் சாமிகள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். பதில் எழுதும்போது அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டே எழுது.

உன் அம்மா,
அகிலியா