காற்றுக்குப் போட்ட பந்து

ஜூலை 8, செவ்வாய்

நாக்கை மடித்துக் கீழ்ப்பல்லில் முட்டுக் கொடுத்து ஊதினால் எங்கள் கோச் ஜெபஷீலா மேமின் விசில் மாதிரியே வருகிறது. முதல் சோதனை ஊரில் எங்கள் மாட்டின் மேல். மாடு நின்றுவிட்டது. இன்று இரண்டாம் சோதனை, கல்லூரி மைதானத்தில். மேம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடைப்பந்து வளையத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். பயிற்சி நடுவில் ஒரு ஊது. மொத்த அணியும் சிலை! கேப்டன் ஜெஸ்லின் ஒற்றைக் காலில் கொக்காக நின்றாள்.

மேம் திரும்பக்கூட இல்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே ஒரு கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினார்.

"கயலு, ரெண்டு ரவுண்டு."

ஓடி முடித்து, மூச்சு வாங்க, எப்படி மேம் தெரிந்தது என்று கேட்டேன்.

"என் விசிலுக்குள்ள ஒரு குண்டு உருளும். ஒன் வாய்க்குள்ள என்ன உருளுது, பொய்தான?"

வாயைப் பொத்திக்கொண்டு வரிசைக்குப் போனேன். நானே!

ஜூலை 12, சனி

ஆடி இன்னும் பிறக்கவில்லை, காற்று பிறந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைகிற காற்றுக்கு எங்கள் மைதானம்தான் முதல் நிறுத்தம் போல. தென்பக்க வளையம் ஜூனிலேயே இரும்புக் கம்பத்தோடு சாய்ந்தது. கல்லூரியில் அந்தக் கம்பத்தை எடுத்துப்போய் சைக்கிள் கொட்டகைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் வடக்கு வளையம் மட்டும். ஒற்றைக்கண் ராட்சசன்.

மேற்குக் காற்று பந்தைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் விடுகிறது. நாள் முழுக்கப் பந்து பொறுக்கியதுதான் மிச்சம். அப்புறம் மேம் வந்து நின்றார்.

"வளையத்தப் பாக்காத. அதுக்கு ஒரு சாண் இடது பக்கம் பாத்துப் போடு. மிச்சத்தக் காத்து பாத்துக்கிரும்."

போட்டேன். பந்து வெளியே போகிற மாதிரி போய், பாதி வழியில் மனசு மாறி, உள்ளே விழுந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய மண்.

ஜூலை 20, ஞாயிறு

ஓடைப்பட்டி. வீடு. திராட்சைப் பழம் வெட்டு. கழுத்து ஒடிகிறது.

மேம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அம்மா இன்றைக்கும் பந்தலடியில் ஓட்டினாள். போன வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்த புதுசு. "கூடையில பந்து போடப் போறாளாம். இங்கன திராட்சைக் கூடை தூக்க ஆளக் காணோம்" என்று அப்பா பிடிவாதமாக நின்றார். மேம் வாதாடவே இல்லை. கத்தரியை வாங்கிக்கொண்டு அம்மாவோடு பந்தலுக்குள் குனிந்து போனவர் பொழுது சாயும்வரை பழம் வெட்டினார். கடைசியில் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"அண்ணே, காலையிலருந்து கையத் தூக்கி நிக்கிறேன், என் தோளு கழண்டு போச்சு. ஒங்க பொண்ணு சின்னப் புள்ளையிலருந்து நிக்கிறா. இந்தத் தோள நான் எங்கன போயித் தேடுவேன்?"

அப்பா மடங்கிவிட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. அவரை ஒருநாளும் நான் இப்படி மடக்கியதில்லை.

ஜூலை 31, வியாழன்

ஜெஸ்லின் குண்டு போட்டாள். அவளும் மேமும் போடியில் ஒரே சர்ச். மேம் வீட்டு ஏலக்காய்க் கடைக்குப் பக்கத்துக் கடை இவள் மாமாவுடையது. அதனால் செய்தி பொய்யாக இருக்காது.

"மேமைக் கோயம்புத்தூர்ல ஒரு பெரிய காலேஜுல கூப்புட்ருக்காகடி. பொம்பளப் புள்ளைக டீமுக்கு தலைமைக் கோச். ஆகஸ்ட்ல அவுக நடத்துற டோர்னமெண்ட்டுக்கு நாமளும் போறோம்ல, அங்க நம்ம ஆட்டத்தப் பாத்துட்டு முடிவு சொல்றாகளாம்."

இங்கேயும் அவர்தானே தலைமைக் கோச் என்று கேட்டேன். ஜெஸ்லின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இங்கே மேமின் பதவி 'தற்காலிக உடற்கல்வி உதவியாளர்'. பதினேழு வருஷமாகத் தற்காலிகம்! நான் பேசப் பழகி, பள்ளிக்கூடம் போய், பல் விழுந்து, பல் முளைத்து — அத்தனை காலமும் அவர் தற்காலிகம். முதல் வருஷம் ஆறே பெண்கள், சுடிதாரோடு ஆடினார்களாம். மண் தரையில் மேமே தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டாராம். அந்த அணியில் ஒருத்தி இன்று போலீஸ், ஒருத்தி ரயில்வேயில். இதையெல்லாம் மேம் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாக இருந்தால் ஆட்டோ வைத்து மைக்கில் அறிவித்திருப்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடி விசில் ஊதினேன். இந்த முறை ஓட்டம் இல்லை. மேம் தன் விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "இன்னைக்கு நீ நடத்து."

ஜாலி என்று நினைத்தேன். ஐயோ. ஒருத்தியைப் பார்த்தால் ஒன்பது பேர் காணாமல் போகிறார்கள். எதற்கு ஊத வேண்டும் என்றே தெரியவில்லை. மேம் ஓரமாக, வளையத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூ லேஸ் கோத்துக்கொண்டிருந்தார். பார்க்காமலே குரல் வருகிறது.

"சுபாஸ்ரீ, இடது கை பந்து தூங்குது. எழுப்பு."

"ஜெஸ்லினு, கால்ல என்ன? வலது காலு பாதிதான் ஊன்றுற."

போய்ப் பார்த்தால் ஜெஸ்லின் கட்டைவிரலில் நகம் பெயர்ந்து ரத்தம். யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறாள். பந்து தரையில் மோதுகிற சத்தத்திலும், கால் ஊன்றுகிற சத்தத்திலும் எல்லாரையும் படிக்கிறாரே! இவருக்கு முதுகிலும் கண் என்று கேலி பேசுவோம். கண் இல்லை. காது. கண்ணைவிட மோசம்.

விசிலைத் திருப்பிக் கொடுக்கும்போது, நானா இப்படி, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜெயித்தால் மேம் போய்விடுவார். தோற்றால் இருப்பார். ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோயம்புத்தூர். மரத்தரை போட்ட உள்ளரங்கம், கண்ணாடிப் பலகை. நாங்கள் யாரும் உள்ளரங்கத்தில் ஆடியதே இல்லை. சுபாஸ்ரீ குனிந்து தரையில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்தாள். எங்கள் பேருந்து தாமதம், பந்தைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. நாளைக்கு முதல் ஆட்டமே மேமைக் கூப்பிட்ட அதே கல்லூரியோடு.

நான் முடிவு பண்ணிட்டேன். யார்ட்டயும் சொல்லல. என் பிரெண்டு சுபாகிட்டக் கூட.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

முதல் பாதியில் எங்கள் பந்து ஒன்றிரண்டு தவிர உள்ளே போகவில்லை. ஜெஸ்லின் போட்டாள், இடப்பக்கம் வெளியே. சுபா போட்டாள், இடப்பக்கம் வெளியே. எல்லாருக்கும் ஒரே இடத்தில் வெளியே. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. சரி, நான் துரோகம் செய்யத் தேவையே இல்லை போல.

இருந்தாலும் என் பங்குக்கு. பந்து வந்தது. வேண்டுமென்றே வளையத்துக்கு வலப்பக்கம் பார்த்து விட்டேன்.

நேராக உள்ளே.

அடப்பாவி! அடுத்ததையும் வலப்பக்கம் ஒதுக்கினேன். அதுவும் உள்ளே. கூட்டம் எனக்குக் கைதட்டுகிறது. தோற்கப் பார்க்கிறவளுக்குக் கைதட்டல்!

பாதி ஆட்டம் முடிந்தபோது 34-11. மேம் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். திட்டவில்லை.

"யாரு மேலயும் தப்பு இல்ல. தப்பு என்னோடது. ஆடிக்காத்துக்கு ஒரு சாண் இடது பக்கம் போடச் சொன்னது நான்தான். ஒத்த வளையத்துல போட்டுப் போட்டு அது ஒங்க கையில ஏறிப்போச்சு. இங்கன காத்து இல்லடி. வளையத்த மட்டும் பாருங்க."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சுபாஸ்ரீக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஊர்க்காற்றைக் கையில் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்திருக்கிறோம்!

மற்றவர்கள் எழுந்து போனார்கள். என்னை மட்டும் தண்ணீர்க் கேன் பக்கம் நிறுத்தினார்.

"எல்லாருக்கும் இடது பக்கம் போச்சு. ஒனக்கு மட்டும் எப்புடி உள்ள விழுந்துச்சு?"

நான் கேன் குழாயைத் திறந்தேன்.

"அப்ப நீ வலது பக்கம் பாத்துப் போட்ருக்க. அங்க எதுக்குப் பாத்த?"

வாய் இருக்கே எனக்கு, ஊரையே விக்கிற வாய். அதுல மூணே வார்த்தைதான் வந்துச்சு. மிச்சமெல்லாம் கண்ணு வழியா. "நீங்க போயிருவீக மேம்."

அவர் குழாயை மூடினார்.

"என்னைய நிறுத்தி வைக்க நீ தோக்கணுமா? அப்ப பதினேழு வருசமா நான் என்னத்தடி சொல்லிக் குடுத்தேன்?"

அவ்வளவுதான். துண்டை எடுத்து என் முகத்தில் போட்டார். "தொடச்சிட்டு வா."

அப்புறம் நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. ஓடினேன். எல்லாரும் ஓடினோம். ஜெஸ்லின் போட்டது எல்லாம் விழுந்தது. மேம் ஓரத்தில் கைகட்டி நின்று, விரல் அசைவிலேயே எங்கள் எல்லாரையும் நகர்த்தினார். அவர் காட்டிய இடத்துக்குப் போனால் பந்து அங்கே வந்தது. சத்தியமாக, வந்தது. கடைசிப் பந்து நான் போட்டேன். வளையத்தைப் பார்த்து, வளையத்தை மட்டும் பார்த்து. விளிம்பில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது.

59-58. தோற்றோம்.

விழுந்து அழுதேன். மேம் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "இது நேராப் போட்டது. இது வெளிய விழலாம்."

ஆகஸ்ட் 23, சனி

என் கணக்கு சுத்தத் தப்பு. தோற்றாலும் மேமைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கல்லூரி விளையாட்டுத் துறை விஜயகுமார் சார் எங்கள் பேருந்துவரை வந்து, எங்கள் எல்லார் முன்னாடியும் சொன்னார். "பத்து நிமிஷ இடைவேளையில இந்த அணிய வேற அணியா மாத்துனீங்களே, அதத்தான் மேடம் நாங்க தேடுறோம்."

மேம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் முதலில் கைதட்டினேன். நானேதான்.

செப்டம்பர் 27, சனி

மேமுக்கு இங்கே கடைசி நாள். கேக் வேண்டாம், சால்வை வேண்டாம், தென்பக்க வளையத்தின் கம்பத்தை மீட்டுத் தாருங்கள் என்று கல்லூரியிடம் கேட்டிருக்கிறார். அதை எடுத்தால் சைக்கிள் கொட்டகை விழும் என்றார்கள். அப்பா பந்தல் கல்தூண் ஒன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "கொட்டகைக்கு இத நட்டுக்கங்க. அந்தக் கம்பம் கூடைக்கு வேணும்."

தென்பக்க வளையம் மறுபடி நிற்கிறது. மேம் வலை கட்டினார். நான் ஏணியைப் பிடித்தேன். ஒரு குறும்பும் செய்யவில்லை. உடம்பு சரியில்லையா என்று சுபா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜனவரி 24, சனி

மறுபடி கோயம்புத்தூர், அதே அரங்கம். எங்கள் ஆட்டம் சாயங்காலம். காலை ஆட்டத்துக்குப் பார்வையாளர் வரிசையில் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "தலைமைப் பயிற்சியாளர், ஜெபஷீலா."

அரங்கம் முழுக்கக் கேட்டது. மேம் தன் பெண்களைச் சுற்றி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார், எங்களுக்கு முதுகு.

நாக்கை மடித்தேன். ஒரு ஊது.

அந்தப் பெண்கள் எல்லாரும் சிலை. மேம் திரும்பவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. ஒரு கை மட்டும் தலைக்கு மேலே உயர்ந்தது. இரண்டு விரல்.

வெளியே வந்து ஷூ லேஸை இறுக்கினேன். சுபாவும் ஜெஸ்லினும் கூடவே வந்தார்கள், கேட்காமலே. அரங்கம் ரொம்பப் பெரிசு. இரண்டு சுற்று கொஞ்சம் அநியாயம்தான்.