நாம் தள்ளிவிட்ட முதல் நாற்பது பக்கங்கள்

என் ஏகாம்பரத்துக்கு,

மச்சான், நீ கட்டிய ரேடியோ உன் வீட்டுப் பலகைமேல்தான் இருக்கிறது. பெட்டி இன்னும் செய்யவில்லை. வெறும் இரும்புத் தட்டு, அதன்மேல் கண்ணாடிக் குழாய் வால்வுகள். கடைசியாகச் சுவரில் பிளக்கைச் சொருகி எட்டு மாதம் ஆகிறது. எனக்குப் பயம்.

ரேடியோ கட்டச் சொல்லித்தரும் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தவன் நான். நம் இருவரில் இங்கிலீஷ் தெரிந்தவனும் நான்தான். முதல் நாற்பது பக்கமும் மின்சாரப் பாடம். "கணக்கா கீது மச்சான், படம் போட்ட பக்கத்துக்குப் போ" என்றாய். போனேன். பி.ஏ. படிக்கிற எனக்கும் அது அலுப்பாகத்தான் இருந்தது. அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

கரையான்சாவடியில் நம் தெருவுக்குக் கரண்டு வந்த புதிது. பிளக்கைச் சொருகினாய், வால்வுகள் மெல்லச் சிவந்தன. "உசிரு வந்துட்ச்சிடா!" என்று கத்தினாய். கலப்பையோ வண்டியோ, புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்கிறவர்கள் நாம். என் தங்கை, உன் வள்ளி, குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து நீட்டினாள். அப்போதுதான் மெழுகிய தரை. வெறுங்கால்.

"வை மச்சான், வை" என்றது யார்? நான்தானே?

இரும்புத் தட்டில் விரலை வைத்தாய். எடுக்கவில்லை.

பதினேழாம் பக்கத்தில் இருந்தது. இந்த வகை ரேடியோவில் இரும்புத் தட்டிலேயே மின்சாரம் இருக்கக்கூடும், பிளக்கைப் பிடுங்காமல் தொடாதே என்று. இரண்டே வரி. உன் கருமாதி முடிந்த மறுநாள் படித்தேன்.

வள்ளி இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைக்கிறாள். தன் நெற்றியில் வைத்துக்கொள்ள ஊர் விடாத குங்குமம். "எத்தினி நாளுண்ணா ஊமையா வெச்சிருப்ப? அவுரு கட்னது பாடணும்" என்கிறாள். பாட வைக்கலாம். ஆனால் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, மறதியில், அந்த ஈர விரல்? அங்கேயே என் கை நின்றுவிடுகிறது.

அதனால் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

"கரண்டு ஓடுது ஓடுதுன்றியே, எங்க போவுது?"

பக்கத்தைப் பின்னால் புரட்டித் தேடினேன்.

"இன்னாண்ணா, பி.ஏ.வுக்கே தெரியலியா?"

சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

நேற்று பதினேழாம் பக்கம். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, "இத்த அன்னிக்கே படிச்சிருந்தா?"

புத்தகத்தை மூடி வைத்தேன் மச்சான்.

ஒயரிலிருந்து பிளக்கைக் கழற்றித் தரச் சொன்னாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். "எங்கிட்டயே கெடக்கட்டும். நீயும் பயப்படாத."

பயம் போகவில்லை. போகவும் வேண்டாம். இன்னும் இருபத்துமூன்று பக்கம் இருக்கிறது. ஒரு வரிகூடத் தாண்ட மாட்டேன். அதற்குப் பிறகு உன் ரேடியோ பாடும். ஆனால் அதற்குப் பொட்டு வைக்கிற நேரமெல்லாம், பிளக் உன் வள்ளியின் முந்தானை முடிச்சில்தான் இருக்கும்.

படிக்காமல் உன்னைத் தொடச் சொன்ன,
உன் வள்ளியின் அண்ணன்