ரோஸ் நிறம் திரும்பிய சீசா

அன்பு மகள் இந்துஜாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், கவுகாத்தி மழையில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். பார்சலில் உன் சீசா இருக்கிறது, அதைத் தொடுமுன் இதைப் படித்து முடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சீசா பத்திரமா இருக்காம்மா என்று கேட்டதற்கு, இருக்குட்டி என்று சொல்லிவிட்டேன். சீசா இருப்பது உண்மை, பத்திரம் என்பது பொய். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் உட்காரும் ராதாமணி அக்கா, என்னட்டி மாரித்தாயி, குச்சியத் தலைகீழா அடைக்குத என்று கேட்டாள்.

சித்திரையில் லீவுக்கு வந்தபோது அடுப்படியில் தீக்குச்சியும் மாவு உருண்டையும் வைத்து உன் ஆராய்ச்சியைக் காட்டினாயே, எனக்கு அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உருண்டைதான் கோபால்ட், குச்சிதான் அதைக் கோக்கிற மூலக்கூறு என்றாய், அதே குச்சி அதே உருண்டையை ஒரு தடவை ஏணி மாதிரிக் கோத்தாய், கலைத்துவிட்டு இன்னொரு தடவை செங்கல் சுவர் மாதிரிக் கோத்தாய், சாமான் ஒண்ணுதாம்மா, கூடுதான் வேற, இதுக்குப் பேரு ஐசோமர் என்றாய். கூட்டுல இருக்க ஓட்டைக்குள்ள தண்ணி நிக்கிற வரைக்கும்தான் இந்தக் கூடு நிக்கும், தண்ணி போனா சரிஞ்சு வேற கூடாயிரும் என்றும் சொன்னாய். கரிசலில் கட்டின நம் வீட்டுச் சுவரே கோடையில் மண் வற்றினால் வாயைப் பிளக்கிறது, எனக்கா புரியாது என்று பெருமையடித்தேன். அப்புறம்தான் கவுகாத்தி ஆராய்ச்சிக்கூடத்தில் உனக்கு முதல்முதலாக நன்றாக வந்த அந்த ரோஸ் சில்லுகளைச் சீசாவோடு காட்டிவிட்டு, துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டுப் போனாய்.

ஆனி மாதம் பீரோவை ஒதுங்கவைக்கும்போது துணி அவிழவும் சீசாவைப் பார்த்தேன், அடியில் தண்ணீர். நீ காட்டியபோது சில்லுகளின் மினுக்கத்தைத்தான் பார்த்தேனே தவிர தண்ணீரைக் கவனிக்கவில்லை, அது நீயே ஊற்றிவைத்தது என்று தோன்றவும் இல்லை. முப்பது வருசமாக ஈரம் பட்ட குச்சியைக் கழித்துப் போட்டே பழகிய புத்தி, ஓட்டைக்குள் இருக்கிற தண்ணீர் வேறு, இது எப்படியோ உள்ளே இறங்கிய ஈரம் என்று நானே முடிவு கட்டினேன். பிள்ளையின் சாமான் வீணாகிவிடக் கூடாது என்று தண்ணீரை வடித்து, மருந்து முக்கின குச்சியைக் காயப்போடுகிற மாதிரி மொட்டைமாடியில் காகிதத்தில் பரப்பினேன். சாயங்காலம் எடுக்கப் போனால் எல்லாம் நீலம். அள்ளிச் சீசாவில் போட்டு மூடிவிட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு நப்பாசையில் மூடியைத் திறந்து ஜன்னலில் வைத்தேன், நாலாம் நாள் ரோஸ் நிறம் திரும்பிவிட்டது. அதற்குள் உன் ஞாயிற்றுக்கிழமைப் போன் வந்துவிட்டது. இப்போது எப்படிச் செய்தாலும் அந்தக் கூடு வரவில்லை, வேறு கூடுதான் வருகிறது, அந்தச் சீசாவாவது இருந்தால்தான் கைடு சார் நம்புவார், இல்லாவிட்டால் வெளிவந்த கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும் என்றாய். நீ சொல்லும்போது குரல் உடைந்தது, அது என் காதை விட்டுப் போகவில்லை. அப்பாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். ஆட்டுக் கிடையை எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் மாற்றியதில் ஒரு குட்டிக்குக் குளம்பில் புண், அவர் அந்தக் கவலையில் இருந்தார். கலருதான் திரும்பிட்டுல்லா, பேசாம அனுப்பு, பிள்ள எதுக்கு அழணும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்சலை ஒட்டினேன், ஒட்டினதைப் பிரித்தேன். நிறம் வந்ததே தவிர மினுக்கம் வரவில்லை இந்துஜா, கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தது இப்போது மாவாகக் கிடக்கிறது. உள்ளே ஏணியா சுவரா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நீ வைத்ததுதான் என்று உன் கையில் கொடுத்து, நீயும் அதை நம்பி நாலு பேர் முன்னால் நின்றால், அது நான் செய்த முதல் தப்பைவிடப் பெரிய தப்பு.

திட்ட வேண்டும் என்றால் போனில் நன்றாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன், ஆனால் சாப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே. உன்னால் ஒரு தடவை முடிந்தது மறுபடியும் முடியும், மாரித்தாய் மகள் நன்றாக இருப்பாய். ரோஸாகத்தான் இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதே. சீசாவுக்கு என்ன செய்தாலும் யார், என்றைக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதணும்மா என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, நோட்டை எடுத்து எழுதிக்கொள்: ஆனி பத்தாம் தேதி, காலை ஒன்பது மணி முதல் சாயங்காலம் நாலரை வரை, நல்ல வெயில், மேல்காற்று, காயப்போட்டவள்,

உன் அம்மா
செ. மாரித்தாய்
கோவில்பட்டி