வெள்ளிக்கிழமை எண்ணாத செட்

நாமகிரிப்பேட்டை
வியாழன், காலை பத்து மணி

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் நிலாவும் நலம். உங்கள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாமில் குளிர் தொடங்கிவிட்டதா, கம்பளிச் சட்டை வாங்கினீர்களா என்று எழுதவும். ஐந்து நாளாக நீங்கள் போன் எடுக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் படித்துவிட்டீர்கள் என்று நீலக் குறி காட்டுகிறது. அதனால்தான் மெயிலில் விவரமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் மூன்றாம் செட்டுக் கொட்டகையில் பதினொரு கோழி செத்தது. திங்கள் இருபத்தாறு. செவ்வாய் நாற்பத்தொன்று. நேற்று எழுபத்தெட்டு. நானே எண்ணி நானே போனில் பதிந்தேன். பத்தாயிரம் கோழி உள்ள செட்டில் நாளுக்கு நாலைந்து சாவது வழக்கம். நீங்கள் பண்ணைக்குச் செய்து கொடுத்த வெப் பக்கத்தில் நேற்றும் ஐந்து என்றுதான் இருந்தது. பச்சை நிறத்தில்.

பண்ணைக் கணினி வேலையில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் கோகிலவாணியிடம் கேட்டேன். நாங்கள் பதிவது கிளவுட்டில் உள்ள தரவுக் கிடங்குக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதாம். அங்கிருந்து பக்கத்துக்கு வரும் இணைப்பில் நீங்கள் ஒரு விதி எழுதியிருக்கிறீர்களாம். அவர் படித்துக் காட்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாவு எழுதக் கூடாது என்பது இந்தப் பண்ணையில் ஓனரின் அப்பா காலத்து வழக்கம். சனிக்கிழமை இரண்டு நாளையும் சேர்த்து எழுதுவோம். சனிதோறும் பக்கம் சிவந்து கோழி டாக்டருக்கு எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. அதற்காக, எண் திடீரென்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கானால் அதை ஒதுக்கிவிட்டு முந்தைய வாரச் சராசரியைக் காட்டும்படி செய்தீர்கள். சனிக்கிழமைக்கு மட்டும் என்று எழுத மறந்துவிட்டீர்கள்.

கோகிலவாணியால் அதைப் படிக்கத்தான் முடியும். மாற்றும் அனுமதி இன்னும் உங்கள் பெயரில் மட்டுமே இருக்கிறது.

ஓனர் கந்தவேல் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “ஏம்மா, உன்ற ஊட்டுக்காரன் கட்டுனத நீயே தப்புங்கறயா? வெயிலுக்கு மயங்கிக் கெடந்ததையும் சேத்து எண்ணியிருப்பே” என்றார். ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோழி டாக்டரைக் கூப்பிட்டேன். “பக்கம் பச்சையாத்தான இருக்குதுங்க, அடுத்த வாரம் வாரேன்” என்று வைத்துவிட்டார். செத்ததைப் போடும் குழியை வந்து பாருங்கள் என்று ஓனரை மறுபடி கூப்பிட்டதற்கு, அப்புறம் பக்கம் எதற்கு என்று கேட்டார். நாளை மதியம் மூன்றாம் செட்டுக் கோழிகளைக் கறிக்கு ஏற்றிப் போகக் கேரளத்து லாரி வருகிறது.

இனி வீட்டு விஷயம். செத்த கோழி பொறுக்கும் பெருமாயி ஊருக்குப் போயிருப்பதால் பத்து நாளாக மூன்றாம் செட்டில் அந்த வேலையைச் செய்தது அத்தைதான். திங்கள் முதல் காய்ச்சல். இரண்டு கண்ணும் சிவந்திருக்கின்றன. நேற்றிலிருந்து நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று, பண்ணையில் கோழி சாகிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். கூட வந்த பண்ணை மேனேஜர் போனைத் திறந்து பக்கத்தைக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இன்று மதியம் அத்தையைச் சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கும் இதே கேள்வியைக் கேட்பார்கள். மேனேஜர் அங்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாளை வெள்ளி. செட்டில் யாரும் எண்ண மாட்டார்கள். கோகிலவாணியைப் போய் எண்ணிப் பதியச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எத்தனை பதிந்தாலும் அங்கே ஐந்துதான் வரும்.

இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றார் அத்தை. “அவனுக்கு அங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது. எம்பட பையன் நல்லா இருக்கட்டும், எழுதாத சாமி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது.

தப்பு யாருடையது என்று நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. திருத்த வேண்டியது ஒரு வரிதான் என்கிறார் கோகிலவாணி. எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம். சேலம் போகும் வழியெல்லாம் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பேன். அது சிவந்தால், நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று அத்தையிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
சண்முகப்பிரியா