பதினைந்தை நூற்றைந்தாக்கியவன்

1926 ஜூன் 3, வியாழன்

ஈப்போ டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்னை வீட்டுக்கு அனுப்பி இன்றோடு பத்தொன்பது நாள். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் ரப்பர் பால் தடவியது குற்றமாம். தோட்டத்துப் பையன் பின்னே எதைத் தடவுவான், சந்தனத்தையா? அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. பிரிய மனமில்லாத நாற்காலி. அப்பா இதுவரை இரண்டு முறை அடித்துவிட்டார். கங்காணி மகன் என்றால் அடியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் விழும்.

பொழுது போகாமல் கிடந்தவனுக்கு இன்று ஒரு வேடிக்கை கிடைத்தது. தோட்டப் பள்ளி ராமையா வாத்தியார் என்னைப் பால் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். தமிழ்க் கணக்கில் அவர் புலி. முந்திரி, அரைக்காணி என்று பின்னங்கள் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இனிமேல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எண்தான் சொல்லித்தர வேண்டும் என்று காகிதம் வந்திருக்கிறது. அவருக்கு அதில் ஒன்றிலிருந்து பத்து வரைதான் தெரியும். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கேட்க வெட்கம்.

"உடையப்பா, பதினஞ்சை எப்படிப்பா எழுதுவாங்க?"

நமக்குப் பத்துக்கென்று தனி எழுத்து உண்டு, ௰. பக்கத்தில் ௫ போட்டால் ௰௫, பதினைந்து. நூறுக்கும் அப்படியே, ௱. நான் முகத்தைச் சாமி கும்பிடுகிறவன்போல வைத்துக்கொண்டேன்.

"நம்ம மாதிரியேதான் வாத்தியாரே. பத்தை எழுதுங்க, ஒட்டி அஞ்சை எழுதுங்க."

105 என்று எழுதினார். "அப்ப இருபத்தஞ்சு?"

"ரெண்டு, பத்து, அஞ்சு."

2105. "நல்லா இருக்கே. நான்தான் சும்மா பயந்துட்டேன்" என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவும் தொட்டி வரை ஓடிப்போய் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜூன் 8

பள்ளிக் கொட்டகைப் பக்கம் போனேன். இருபத்திரண்டு சிலேட்டிலும் 2105. நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூன் 11

சொல்லவில்லை. இன்னும் சிரிப்பு பாக்கி இருக்கிறது.

ஜூன் 16

சிரிப்பு தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். முதல் வரிசையில் செல்லாயி. புல்வெட்டும் காளியம்மாவின் மகள், பத்து வயது, கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள். பதினைந்து எழுதச் சொன்னார். 105 என்று எழுதினாள். இருநூற்றைந்து எழுதச் சொன்னார். 21005. அடுத்த பிள்ளையிடம் போனார், அதற்கடுத்த பிள்ளையிடம் போனார். எல்லாம் ஒரே அச்சு.

"ஒரு பிள்ளை தப்பாப் போட்டா அது பிள்ளையோட தப்பு. இருபத்திரண்டும் ஒரே தப்பைப் போட்டா யார் தப்பு?" என்று வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

ஜூலை 14 வரை தவணை. அன்றைக்கும் இதே கதை என்றால் பள்ளியை மூடச் சொல்லித் துரைக்கு எழுதிவிடுவாராம். வாத்தியாருக்கும் வேலை போகும். பெரிய பிள்ளைகள் பதினாலு பேரும் புல்வெட்டுக்கு.

இன்ஸ்பெக்டர் போனபின் வாத்தியார் என்னிடம் வந்தார். நான் ஓடத் தயாராக இருந்தேன்.

"நான்தான் நீ சொன்னதைச் சரியா வாங்கிக்கலை போல. கொஞ்சம் வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுப்பியா?"

அடித்திருக்கலாம்.

அப்பாவுக்குச் சந்தோஷம். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு உண்டே. "பதினாலு தலை கூடும்" என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. "காளியம்மாகிட்ட சொல்லிட்டேன். அந்தக் குட்டி பேரைத்தான் முதல்ல பெரட்டுல சேர்ப்பேன்." விடிகாலையில் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவதுதான் பெரட்டு. அதில் பேர் ஏறினால் ஏறியதுதான்.

என்னால்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 17

பதினைந்து என்றால் 15 என்று பலகையில் எழுதிக் காட்டினேன். செல்லாயி எழுந்தாள்.

"பத்து எங்கண்ணே?"

"அந்த ஒண்ணுதான் பத்து."

"ஒண்ணு எப்படிண்ணே பத்தாகும்? நேத்து வரைக்கும் ஒண்ணாத்தானே இருந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் தெரியவில்லை. ஈப்போவில் பிரம்பைக் காட்டி விழுங்கவைத்தார்கள், நானும் விழுங்கினேன். ஒண்ணு எப்படிப் பத்தாகும்?

ஜூன் 19, சனி

அரிசி எடுக்க அப்பாவோடு மாட்டுவண்டியில் பத்து காஜா டவுனுக்குப் போனேன்.

சீனன் கடை முதலாளி தவுக்கே சாமான் சிட்டை எழுதினார். எட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஒரு சிலுவைக் கோடு, அதன் கீழே ஐந்து. அட, நம்ம ௰௫ மாதிரியே. சீனனும் நம் கட்சி என்று நினைத்தேன். ஆனால் கூட்டும்போது மணிச்சட்டத்தை எடுத்தார். அங்கே பத்துக்குத் தனி மணி கிடையாது. எல்லாக் கம்பியிலும் ஒரே மாதிரி மணிதான். வலது ஓரக் கம்பியில் நகர்த்தினால் ஒன்று, பக்கத்துக் கம்பியில் நகர்த்தினால் பத்து. நூற்றைந்துக்கு நடுக்கம்பியை விரல் தொடாமல் தாண்டிப் போயிற்று. தாண்டியதே தவிரக் கம்பியைப் பிடுங்கி எறியவில்லை. எழுதும்போது நம்மைப்போல, எண்ணும்போது வெள்ளைக்காரனைப்போல.

"என்ன தெங்கோ? வாங்க வந்தியா, பார்க்க வந்தியா?" என்றார் தவுக்கே. தெங்கோ என்றால் மலாயில் பார்ப்பது.

அடுத்து நாகூர் மீரான் நானா கடை. மலாய்க்காரர்களுக்காக மூட்டையில் ஜாவி என்கிற அரபு எழுத்து எண்ணில் விலை எழுதி வைத்திருந்தார். ஒரு கோடு, பக்கத்தில் வட்டம்.

"பத்து காசா நானா?"

"பதினஞ்சுடா. அவங்களுக்கு வட்டம்னா அஞ்சு."

"அப்ப பூஜ்யம்?"

ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். "ஈ எச்சம் இல்லடா, பூஜ்யம். தொடச்சுட்டா நூத்தஞ்சு பதினஞ்சாயிரும். நான் ஓட்டாண்டி ஆயிருவேன்லா."

வட்டம் ஐந்தாகலாம், புள்ளி பூஜ்யமாகலாம். உருவம் யாருக்கு எப்படியோ. உட்காரும் இடம்தான் எல்லாம். திரும்பி வரும்போது வண்டியில் அப்பா பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

ஜூன் 21

நீளமான மரப் பலகை ஒன்றின் மேல் மூன்று மங்குகளை வரிசையாக வைத்தேன். மரத்தில் பால் பிடிக்கிற அதே மங்குதான். ரப்பர் கொட்டைதான் மணி. வலது மங்கில் ஒன்பது கொட்டை வரைதான் தங்கலாம். பத்தாவது வந்தால் அத்தனையையும் கொட்டிவிட்டு நடு மங்கில் ஒரே ஒரு கொட்டை போட வேண்டும். நடுவிலும் பத்து சேர்ந்தால் இடது மங்கில் ஒன்று.

பதினைந்தை வைத்தாள் செல்லாயி. நடுவில் ஒன்று, வலதில் ஐந்து. நடுவிலிருந்த கொட்டையை எடுத்து வலதில் போட்டாள், திரும்ப நடுவில் போட்டாள். "ஒண்ணு மாறலை. உக்காந்த இடம் மாறிப்போச்சு" என்றாள்.

பிறகு நூற்றைந்து. இடது மங்கில் ஒன்று, வலதில் ஐந்து. நடு மங்கில் ஒன்றும் இல்லை. பத்துமலை என்கிற பயல் அந்த வெறும் மங்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டான். பார்த்தால் 15.

"எடுக்காதடா" என்று அவன் கையில் அடித்தாள் செல்லாயி. "பால் வராத மரத்துல மங்கை எடுத்துட்டா வருவாங்க? எங்கம்மா முன்னே பால் வெட்டுனப்ப கவுத்துதானே வைக்கும்?" வெறும் மங்கைக் கவிழ்த்து அதே இடத்தில் வைத்தாள்.

அதுதான் பூஜ்யம். கவிழ்த்த மங்கு. ஈப்போவில் ஐந்து வருஷம் படித்த எனக்குத் தெரியாதது.

கடைசி வரிசையில் உட்கார்ந்து வாத்தியாரும் தன் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 22

சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் போனபின், வாசலிலேயே நின்று. "நீங்க தப்பா வாங்கிக்கலை வாத்தியாரே. நான்தான் வேணும்னு தப்பாச் சொன்னேன். சிரிக்கிறதுக்கு."

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. துடைத்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"என்னை ஏமாத்தினே, சரி. நான் வளர்ந்தவன். அந்த இருபத்திரண்டு பேரு என்னடா செஞ்சாங்க உனக்கு?"

வேடிக்கையாக எதையாவது சொல்லித் தப்பிப்பதுதான் என் வழக்கம். இன்று குனிந்து வாசலில் கிடந்த ரப்பர் கொட்டையைப் பொறுக்கினேன்.

"நாளைக்கு வராதே."

ஜூன் 23

போகவில்லை.

ஜூன் 24

இன்னும் இருபது நாள். வாத்தியாருக்கே இப்போதுதான் பிடிபட்டது. தனியாக எப்படிச் செய்வார்? செய்யாவிட்டால்? செல்லாயி ஏழாம் நம்பர் காட்டில் புல்வெட்டுவாள், நான் இங்கே உட்கார்ந்து டைரி எழுதுவேனா?

ஜூன் 25

செல்லாயி வாசலில் வந்து நின்றாள். "வாத்தியார் கூப்புடுறாரு. பத்துமலை பத்து கொட்டையத் தின்னுட்டு வாந்தி எடுக்குறான்."

"ரப்பர் கொட்டையையா?"

"ஒம்போது கேட்டாராம், இவன்கிட்ட பத்தொம்போது இருந்துச்சாம். குறைச்சுட்டான்."

கழித்தல் தானாகவே வந்துவிட்டது. ஓடினேன். தோட்டத்து டிரெசர் வந்து பயலுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். வாத்தியார் என்னைப் பார்த்து, "நூத்துக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க. மேலே நீ பாரு" என்றார். பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஜூலை 5

இப்போது நாலு கட்சி. ஒரே எண்ணைத் தமிழ் கட்சி, சீனன் கட்சி, ஜாவி கட்சி, இங்கிலீஷ் கட்சி என்று எழுத வேண்டும், பிறகு மங்கில் வைத்துக்காட்ட வேண்டும். சீன எழுத்துக்கு நானே பத்து காஜா போய்த் தவுக்கேயிடம் எழுதி வாங்கி வந்தேன். மங்கில் மட்டும் நாலு கட்சிக்கும் ஒரே பதில். வாத்தியாருக்குப் பூஜ்யர் என்று பேர் வைக்கலாம் என்று தோன்றியது. முன்பானால் வைத்திருப்பேன்.

ஜூலை 13

அப்பா சொன்னார்: "நாளைக்குத் துரை ஏழாம் நம்பர் பார்க்க வாறாரு. புல்லு இடுப்புக்கு நிக்குது. பெரிய பிள்ளைங்க பதினாலும் பெரட்டுக்கு வரணும்."

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறாருப்பா."

"தெரியும்" என்றார்.

ஜூலை 14

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

விடிகாலைப் பெரட்டு. பதினாலு பிள்ளைகளும் தாய்மார் பக்கத்தில் நின்றார்கள். செல்லாயி தன்னைவிடப் பெரிய புல்வெட்டியைப் பிடித்திருந்தாள். அப்பா பேர் படிக்கத் தொடங்குமுன் முன்னால் போய் நின்றேன்.

"இவங்க பதினஞ்சைத் தப்பாப் போட்டது வாத்தியாரால இல்ல. என்னால. நான்தான் வாத்தியாருக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்தேன். இன்னிக்கு இவங்க பள்ளிக்குப் போகலைன்னா அந்தத் தப்பு இவங்க தலையிலேயே நின்னுரும்."

"உள்ள போடா" என்றார் அப்பா.

போகவில்லை. அறை விழுந்தது. எல்லார் முன்னாலும். காதில் வண்டு கத்தியது.

அப்போது காளியம்மா அக்கா மகள் கையிலிருந்த புல்வெட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "ரெண்டு பேரு பங்கையும் நான் வெட்டுறேன் கங்காணி. இன்னிக்கு ஒரு நா போயிட்டு வரட்டும்." மகள் முதுகில் ஒரு தள்ளு. பத்துமலையின் அம்மாவும் அவனைத் தள்ளினாள். அப்புறம் ஒவ்வொருத்தராக. அப்பா யார் பேரையும் படிக்காமல் கையிலிருந்த சிட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வந்தார். பதினைந்து, சரி. நூற்றைந்து, சரி. இருநூற்றைந்து, சரி. அவர் நம்பவில்லை. பாடம் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

"ஆயிரத்தஞ்சு எழுது."

ஆயிரம் நாங்கள் போகவே இல்லை. மூன்று மங்குதான் வைத்திருந்தோம். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன். செல்லாயி பலகையிலிருந்த மங்குகளைப் பார்த்தாள், மிச்சக் கொட்டை போட்ட மங்கை மடியில் வைத்திருந்த பத்துமலையைப் பார்த்தாள். "உன் மங்கைக் குடு" என்றாள். வாங்கி இடது ஓரத்தில் வைத்தாள். அதில் ஒரு கொட்டை. அடுத்த இரண்டையும் கவிழ்த்தாள். கடைசியில் ஐந்து. பிறகு சிலேட்டில் எழுதினாள். 1005.

இன்ஸ்பெக்டர் கவிழ்த்த மங்கைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"பால் இல்லீங்க. ஆனா மரம் இருக்கு."

நோட்டில் நீளமாக எதையோ எழுதினார். போகும்போது வாத்தியாரிடம், "போன தடவை இந்தத் தப்பை யார் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன், "பள்ளிக்கூடத்துல நடக்கிறதுக்கு நான்தாங்க பொறுப்பு" என்றார் வாத்தியார்.

ஜூலை 17

பள்ளி நிலைத்தது. துரைக்குக் காகிதம் வந்துவிட்டதாம். அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இன்று பேசினார்: "திங்கக்கிழமைலேர்ந்து பெரட்டுக்கு வா."

ஜூலை 21

மூன்றாம் நாள் புல்வெட்டு. உள்ளங்கையில் கொப்புளம் நாலு. எந்த இடத்தில் வைத்து எண்ணினாலும் நாலுதான். மூன்றாம் வரிசையில் செல்லாயி நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். பேர் படிக்கும்போது அப்பா தலை நிமிர்வதில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வரும்போது பால் கொட்டகைக்குப் பின்னால் வாத்தியார் நின்றிருந்தார். கையில் நோட்டு, காதில் பென்சில்.

"உடையப்பா, அரையை இங்கிலீஷ்காரன் எப்படிப்பா எழுதுவான்?"

புல்வெட்டியைக் கீழே வைத்தேன். மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே இரண்டு என்றேன்.

வேறு யாரிடமாவது கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.