கடலோரத்துக் கன்றுகள்

கார்வாமாயோ
1974 மே 9, வியாழன்

அன்பு மகள் நெலிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், கீழே கடலோரத்துக் கயாவோவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் ரெனேயும் சுகமாக இருக்க வேண்டும், இதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, பயந்துபோய்த்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வில்மெருக்கு இங்கே சுரங்கத்தில் வேலை கிடைத்துவிட்டது, வீடும் தருகிறார்கள், வரும் திங்கட்கிழமை மூன்று பேரும் ஒரேயடியாக வந்துவிடுகிறோம் என்று நீ எழுதியதைப் படித்ததும் அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள், ஐந்து மாதப் பேரனுக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லாயும் பின்னி முடித்துவிட்டாள். நான்தான் சந்தோஷப்படவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை டாக்டரம்மா எதெல்வினாவை உனக்குத் தெரியும், இந்த உயரத்துக் காற்றில் நம் மலையில் மேயும் லாமாவின் இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கின்றன, கீழேயிருந்து வரும் மாட்டுக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று எட்டு வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறவர். பிப்ரவரியில் கடலோரத்திலிருந்து பத்துக் கன்றுகளை லாரியில் கொண்டுவந்தோம். கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை விட்டு அவர் அழுத்தம் பார்ப்பார், நான் தலையைப் பிடித்துக்கொண்டு காதோரம் பேசிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வாரம் செவலை ஒன்றுக்கு மார்பு தொங்கிக் கனத்தது, நல்லாத் தின்னு கொழுத்திருக்கு டாக்டரம்மா என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் அங்கே விரலை வைத்து அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. இது கொழுப்பு இல்ல லியோன்சியோ, தண்ணி, நுரையீரல்ல குழாயெல்லாம் இறுகிப்போச்சு, அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் ஓஞ்சுபோச்சு என்றார். மூன்றாம் நாள் அது செத்தது. இதயத்தை அறுத்து எடுத்து என் கையில் கொடுத்தார், வலது பக்கம் வீங்கிப்போய், கன்றின் இதயம் மாதிரியே இல்லை. அடுத்ததற்கு வீக்கம் தெரிந்த அன்றே நானே லாரியில் பின்னால் உட்கார்ந்து கீழே இறக்கிக்கொண்டு போனேன், பாதி வழியில் தார்மா வரும்போது தலையைத் தூக்கியது, அடிவாரத்துச் சான் ரமோனில் தானாக எழுந்து நின்று தண்ணீர் குடித்தது, இப்போது அங்கே துள்ளிக்கொண்டு திரிகிறது.

உனக்கு ஓத்திலியா ஞாபகம் இருக்கும், உன்னோடு படித்தவள். கீழே லீமாவில் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே குடிவந்தாளே, அந்தப் பிள்ளையின் உப்பிய கன்னத்தைக் கிள்ளி, மலைக்காத்து பயலுக்கு ஒத்துக்கிச்சு, கொழுகொழுன்னு ஆயிட்டான் என்று சொன்னவன் நான்தான். அவர்கள் வந்த பதினோராம் வாரம் அவனை அடக்கம் செய்தோம். எதையோ கண்டு பயந்ததில் பிள்ளையின் ஆவி உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். செவலையின் மார்பில் அந்தக் குழியைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கன்னம்தான் கண்ணில் நிற்கிறது. இதை ஓத்திலியாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், பிள்ளைங்களுக்கும் இப்படித்தானா என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். நான் மாட்டு டாக்டர், தெரியாததைச் சொல்லமாட்டேன், பத்துக் கன்னுல மூணு வீங்குச்சு, ஏழு நல்லா மேயுது, எது வீங்கும்னு முன்னாடியே சொல்ல என்கிட்ட வழி இல்ல, ஆனா என் மகளா இருந்தா கொஞ்ச நாள் பொறுத்து வான்னு சொல்லுவேன் என்றார். ஆமாம், நிச்சயம் வரும் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

அம்மாவிடம் சொன்னதற்கு, ஏன்யா, மாட்டையும் பேரனையும் ஒரே தொழுவத்துல கட்டுறியா, நான் இங்க ஆறு பெக்கலையா என்று ஏசினாள். நீ பெத்தது இங்கயே வயித்துல வளந்ததுடி, இவன் கடலோரத்துல பொறந்தவன் என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். இன்று காலையில் அவளாகவே வந்து, எழுதிப் போடு என்றாள்.

மாப்பிள்ளை மட்டும் முதலில் வரட்டும், எங்களோடு சாப்பிடட்டும், கம்பெனி வீடு போனால் போகட்டும். நீயும் பிள்ளையும் கீழேயே இருங்கள், அங்கே குழந்தைகளின் இதயம் பார்க்கும் ஒருவருக்கு டாக்டரம்மா சீட்டு எழுதித் தந்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன், கட்டாயம் காட்டு. பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறானா, உதடு நீலம் பாரிக்கிறதா என்று கவனி. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவரையும் காக்கட்டும், அம்மாவின் முத்தம் பேரனுக்கு.

தபாலை நம்பாமல் இதைப் பஸ் டிரைவர் ஒரேஸ்தெஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்காமல் போய், நீங்கள் புறப்பட்டுவிடவும் கூடும். அதனால் நான் ஞாயிற்றுக்கிழமையே மலையிறங்கி, நீங்கள் வரும் வழியில் பாதி மலையில் இருக்கும் மத்துக்கானாவுக்குப் போய்விடுவேன், எல்லாப் பஸ்ஸும் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் நிற்பேன், ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்ப்பேன். என்னைக் கண்டால் எதுவும் கேட்காதே மகளே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடு.

உன் அப்பா,
லியோன்சியோ அத்தாச்சாவா