கடைசிப் பக்கம்

ஜெர்மனி
10-3-1947

அன்புள்ள பிலோமிக்கு,

"பட்டம் கிடக்கட்டும், முதலில் ஆளைப் பார்க்கணும்" என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷம் காத்திருக்கும் மனைவி கேட்பது நியாயம்தான். ஆனால் வெறுங்கையோடு வந்தால் ஊரில் என்ன மரியாதை?

குண்டில் பாதிக் கட்டடம் போயும் பல்கலைக்கழகத்தைத் திறந்துவிட்டார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு சிற்றரசன் தொடங்கியது, இப்போது அரசாங்கத்துடையது. பேராசிரியர்களே கூடித் தலைவராக ஒரு ரெக்டரைத் தேர்ந்தெடுப்பார்கள். இறையியல், சட்டம், மருத்துவம், தத்துவம் என நாலு புலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு டீன். நம் முத்துச்சிப்பி ஆராய்ச்சி தத்துவத்தில் சேர்த்தி என்றால் சிரிப்பாய்!

பரீட்சை தேறிவிட்டேன். ஆராய்ச்சியை அச்சிட்டு நூற்றைம்பது பிரதி கொடுத்தால்தான் பட்டம், பழைய விதி. இங்கே காகிதமே இல்லை. கையெழுத்துப் பிரதியை அனுப்புகிறேன், அங்கே அச்சடி. எழுத்தைப் பார்த்துக் கோர்த்தால் போதும், அர்த்தம் தெரிய வேண்டாம். பட்டம் வந்த மறுவாரமே கப்பல்.

உன்
தேவபிரசாதம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
2-7-1947

அன்புள்ள அத்தானுக்கு,

பிரதி வந்தது. மாதா படத்தின் முன் வைத்து எடுத்துத்தான் அச்சுக்கூடத்தில் கொடுத்தேன். எழுத்துக் கோர்க்கும் அய்யாக்குட்டி அண்ணாச்சி, "ஒரு எழவும் விளங்கலையே தாயி, இதுல சிப்பி எங்கன இருக்கு?" என்கிறார். எனக்கென்ன தெரியும்? "அத்தனை சிப்பியும் நான் பிளந்து கொடுத்தது அண்ணாச்சி, கை நாத்தம் போக ரெண்டு நாளாகும்" என்றேன்.

பிழை இருந்தால் உங்கள் டீன் திருப்பிவிடுவாரே! ஜெர்மன் தெரிந்த வயதான சாமியார் ஒருவர் நம் மாதா கோயிலுக்கு வந்திருக்கிறார். புரூப் பார்க்க அவரிடம் கொடுத்திருக்கிறேன். என் சாமர்த்தியத்தைப் பார்த்தீர்களா? வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று.

வழிபார்த்திருக்கும்
பிலோமி

ஜெர்மனி
28-7-1947

பிலோமி,

சாமியாரிடமிருந்து உடனே வாங்கிவிடு. கடைசிப் பக்கத்தை அச்சடிக்காதே. விவரம் பிறகு எழுதுகிறேன்.

தேவபிரசாதம்

தூத்துக்குடி
2-9-1947

தேவபிரசாதம் அவர்களுக்கு,

ஊரெல்லாம் சுதந்திரக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அன்று சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உங்கள் அவசரக் கடிதம் அதற்கு மூன்றாம் நாள் வந்தது.

எழுதியவன் வாழ்க்கைக் குறிப்பு கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டுமாமே, அதுவும் விதியாமே. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "சொல்லுங்க சாமி" என்றேன். 1946 ஜனவரியில் அங்கே கல்யாணம். ஒரு பெண் குழந்தை.

அடப் பாவி மனுஷா! என்னிடம் சொல்ல வராத வாய் டீனிடம் சொல்ல வந்ததே! நம் வேதத்தில் அறுத்துவிடவும் வழியில்லை, வேறு கட்டவும் வழியில்லை. நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

1936இல் மாதா கோயிலில் எனக்குத் தாலி கட்டியதை ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சாமியார் எழுதிக் கொடுத்தார், அண்ணாச்சி கோர்த்தார். முதல் பிரதி ஓடியதும் அந்தக் குழந்தை நினைப்பு வந்து தொலைத்தது. அது என்ன பாவம் செய்தது? வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் இல்லாமல் பட்டம் தரமாட்டார்கள் என்றார் சாமியார். ஆகவே நீங்கள் எழுதியபடியே நூற்றைம்பது பிரதியும் கப்பலேறிவிட்டன. நீங்கள் ஏற வேண்டாம்.

அந்த முதல் பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் மட்டும் என் பெயர் உண்டு.

பிலோமி